ஆளுநர் ஆவதற்கு முன் அவர் கிரவுண்டுக்காரர்

மெல்பர்னின் வடக்குப் புறநகர்கள் நடுவே வளைந்து நெளிந்து போய் யாரா ஆற்றில் விழுகிறது மெரி ஓடை. வருடத்தில் பாதி நாள் அதில் பெரிதாகத் தண்ணீர் இருக்காது, நல்ல மழை பெய்தால் மட்டும் மிரட்டும். ஆனால் அதன் கரை மண்ணுக்குக் கிரிக்கெட்காரர்களிடம் தனி மரியாதை உண்டு. பழைய எரிமலைப் பாறை மக்கி உண்டான கரிசல் களி அது. நனைத்து, உருளை ஓட்டி, வெயிலில் காயவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்சிஜி உட்பட இந்த ஊரின் பல மைதானங்களில் ஆடுகளம் போட இங்கிருந்துதான் காலங்காலமாக மண் அள்ளிக்கொண்டு போனார்கள். குளிர்காலத்தில் இதே மண் பூட்ஸைப் பிடித்தால் விடாது.

அந்த ஓடைக்குப் பக்கத்தில், நார்த்கோட் வெஸ்ட்கார்த் வீதியில் ஒரு நீள்வட்ட மைதானம் இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் பில் லாரி ஓவல். ஆமாம், விக்கெட் விழுந்தால் டிவியில் தொண்டை கிழியக் கத்துவாரே, அந்த பில் லாரிதான். இந்த வட்டாரத்துப் பையன், நார்த்கோட் கிளப்பில் ஆடி வளர்ந்தவர். அவர் பெயரை வைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதே மைதானத்தில் இன்னொருவர் இருந்தார். சனிக்கிழமை ஆனால் கால்பந்து ஆட்டத்தில் விங் என்ற ஓரப் பக்கத்தில் ஓடுவார், மற்ற நாட்களில் அதே மைதானத்தைப் பராமரிப்பார். பிற்பாடு அவர் சர் பட்டம் வாங்கினார், ஒரு மாநிலத்துக்கு ஆளுநராகவும் ஆனார். பெயர் டக் நிக்கல்ஸ்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 2016 முதல் ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியையொட்டி ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக்கான ஏஎஃப்எல்லின் ஆட்டங்கள் 'சர் டக் நிக்கல்ஸ் சுற்று' என்ற பெயரில் நடக்கின்றன. பூர்வகுடி ஓவியர்கள் வரைந்த ஜெர்சியோடு அணிகள் இறங்கும், மெல்பர்ன் அணி அந்தச் சுற்றுக்கு, ஊரின் பூர்வகுடிப் பெயரான 'நார்ம்' என்று தன் பெயரையே மாற்றிக்கொள்ளும். ஆட்டத்துக்கு முன்னால் அவரைப் பற்றி ஒரு நிமிடப் படம் ஓடும். ஆட்டக்காரர், பாஸ்டர், சர் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி, ஆளுநர். பெரிய பெரிய படிகளாக ஏறிப் போய் முடிந்துவிடும். இடையில் அந்த மனிதர் எதைச் சாப்பிட்டார், வாடகை எப்படிக் கொடுத்தார் என்று அந்தப் படம் சொல்லாது. எனக்கு யாருடைய வாழ்க்கையைப் படித்தாலும் முதலில் வருவது இந்தச் சம்பளக் கேள்விதான். நிக்கல்ஸ் விஷயத்தில் அதற்கான பதில் மைதானப் புல்லில் இருக்கிறது.

அவர் பிறந்தது 1906 டிசம்பர் 9, மர்ரி ஆற்றின் நியூ சவுத் வேல்ஸ் கரையில் இருக்கும் கம்மராகஞ்சாவில். யோர்ட்டா யோர்ட்டா மக்களின் ஊர். டேனியல் மேத்யூஸ் என்ற கிறிஸ்தவர் 1874இல் மலோகாவில் ஒரு மிஷன் தொடங்கினார். அவருடைய கெடுபிடி பிடிக்காமல் 1880களின் கடைசியில் அங்கிருந்தவர்கள் சற்றுத் தள்ளி அரசு ஒதுக்கிய நிலத்துக்குக் குடிபெயர்ந்ததில் உருவானது கம்மராகஞ்சா. அங்கே பள்ளிக்கூட வாத்தியார் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். மொரீசியஸில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். உடனே நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவரைத் தமிழர் என்று கொண்டாட ஆசை வரும், கொஞ்சம் பொறுங்கள். அவர் யாராக ஆனார் என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது: அந்த ஊர்ப் பெண்ணான ஏடா கூப்பரை மணந்து, அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்து, மூலிகை வைத்தியமும் பார்த்து, பல பத்தாண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். மனு எழுதவும் மேடையில் பேசவும் தெரிந்த ஒரு தலைமுறையே அவர் வகுப்பிலிருந்து வந்தது. ஏடாவின் அண்ணன் வில்லியம் கூப்பர் அதில் ஒருவர், கடைசி வரிசையில் வந்தவர் சிறுவன் டக்.

வாத்தியார் நல்லவர் என்றால் மட்டும் போதுமா? பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அரசு வைத்திருந்த பாடமே மூன்றாம் வகுப்பு அளவோடு முடிந்தது. அதைவிடக் கொடியது வேறு. டக்குக்கு எட்டு வயதாக இருந்தபோது, 16 வயது அக்கா ஹில்டாவைப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. கூட்டமண்ட்ராவில் பூர்வகுடிப் பெண்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வேலைக்காரிகளைத் தயார்செய்து அனுப்புவதற்கான இடம். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெற்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை.

13 வயதில் ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலைக்குப் போனார். கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் 'தார்ப் பையன்' வேலை. கத்தரி பட்டு ஆட்டுக்குக் காயம் ஆனால் கத்தரிப்பவர் குரல் கொடுப்பார், பையன் தார்ச்சட்டியோடு ஓடிப்போய்க் காயத்தில் பூச வேண்டும். நாள் முழுக்க இதுதான். ஓட்டத்தை அவர் எங்கே கற்றார் என்று என்னிடம் கேட்டால் இந்தக் கொட்டகைகளைத்தான் காட்டுவேன், அதற்குச் சாட்சி எதுவும் கேட்காதீர்கள்.

ஓட்டம் அவருக்கு ஆஸ்தி. வளர்ந்த பிறகும் உயரம் 5 அடி 2 அங்குலம்தான். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று புரியும். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானத்தின் முழு அகலமும் ஆடுகளம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தில் போனால் ஒன்று. ஒருவர் முதுகில் மற்றவர் ஏறிப் பந்தைப் பிடிக்கும் ஆட்டம் அது, நெட்டையர்களின் ராஜ்ஜியம். குள்ளமானவர் பிழைக்க வேண்டுமானால் தரையில் விழும் பந்தை மற்றவர்களுக்கு முன்னால் போய் எடுத்தாக வேண்டும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எல்லோரும் சேர்ந்து அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் இதை நினைத்தேன். ரொம்ப நாள் கழித்து விங் என்ற இடத்தைக் கவனிக்கத் தொடங்கிய பிறகே ஆட்டம் பிடிபட்டது.

டோங்காலா ஊர் அணிக்கு ஆடிப் பெயர் வாங்கிய டக், 1927இல் மெல்பர்ன் வந்து கார்ல்டன் கிளப்பில் முயன்றார். ஆட்டத்துக்கு முன் வீரர்களின் கைகாலைத் தேய்த்துவிடும் உதவியாளர்கள் அவரைத் தொட மாட்டோம் என்றார்கள். சொன்ன காரணம், அவர்மேல் நாற்றம் அடிக்கிறது. அணியில் இடம் கிடைக்கவில்லை. நேரே வடக்கே போய் நார்த்கோட்டில் சேர்ந்தார். கார்ல்டன் இருந்தது பெரிய லீக்கான விஎஃப்எல்லில், இன்றைய ஏஎஃப்எல்லின் பழைய பெயர் அது. நார்த்கோட் அதற்கு மூத்த, ஆனால் மவுசு குறைந்த விஎஃப்ஏ போட்டியில். நார்த்கோட் அவரை எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, மைதானத்திலேயே வேலையும் கிடைத்தது.

இங்கே ஃபுட்டி என்று சொல்லும் இந்தக் கால்பந்து அந்தக் காலத்தில் ஓடிய விதம் அது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கைச்செலவுக்குக் காணும், அவ்வளவுதான். 1930இல் விஎஃப்எல் 'கூல்டர் சட்டம்' கொண்டுவந்து ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுண்டுக்கு மேல் யாருக்கும் தரக்கூடாது என்றே கட்டிப்போட்டது. ஆகவே நல்ல ஆட்டக்காரரை இழுக்க கிளப்புகள் காட்டிய தூண்டில் வேலைதான். உள்ளூர் தொழிற்சாலையில் ஓர் இடம், கடையில் ஓர் இடம், நகராட்சியில் ஓர் இடம். பொருளாதார மந்தம் முற்றிய 1932 வாக்கில் ஆஸ்திரேலியாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. வெள்ளைக்காரர்களே நிவாரண வரிசையில் நின்ற நேரத்தில் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பூர்வகுடி இளைஞருக்கு நகரத்தில் என்ன கிடைத்திருக்கும்? ஆட்டம் தந்த வேலைதான் அவரை மெல்பர்னில் தங்க வைத்தது. அது இல்லாவிட்டால் ஆட்ட மாதங்கள் முடிந்ததும் மறுபடி பண்ணைக் கொட்டகைதான். பிற்பாடு வந்த பாஸ்டர், தலைவர், ஆளுநர் யாருக்கும் இடமே இருந்திருக்காது.

மெல்பர்னில் ஒரு மைதானத்தைப் பராமரிப்பது இரண்டு விவசாயம். கோடையில் கிரிக்கெட். விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் தண்ணீர் விட வேண்டும், புல்லை வெட்ட வேண்டும், நடுவில் இருக்கும் ஆடுகளத்தின்மேல் கனத்த உருளையைப் போட்டு இழுக்க வேண்டும். மார்ச் முடிந்தால் அத்தனையும் கெட்டுப்போக வேண்டியதுதான். ஃபுட்டி தொடங்கிவிடும், கூடவே மழையும். கோடையெல்லாம் இறுக்கி வைத்த களிமண் சதுரம் நட்ட நடுவில் உளையாகக் கிடக்கும், 36 பேர் அதை மிதிப்பார்கள். சனிக்கிழமை மாலை ஆட்டம் முடிந்து ஜனங்கள் போன பிறகு, பெயர்ந்த புல்தரைக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து அமுக்க வேண்டும். கம்பம் நடுவது, வெள்ளைக்கோடு போடுவது எல்லாம் வாரா வாரம்.

இதில் விங்கருக்கு ஒரு விஷயம் இருக்கிறது. உளை நடுவில். புல் மிச்சமிருப்பது ஓரங்களில். காற்றும் வெயிலும் எந்த ஓரத்தை முதலில் காய வைக்கும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், பந்து எங்கே வழுக்கும், எங்கே நின்றுவிடும் என்பதெல்லாம் விங்கில் ஓடுகிறவருக்குச் சோறு போடும் சமாச்சாரம். அந்த ஓவலின் ஒவ்வொரு முழத்தையும் அவர் வேலை நாட்களில் நடந்து பார்த்திருந்தார். எதிரணி விங்கருக்கு அந்த வசதி கிடையாது.

1929இல் நார்த்கோட் விஎஃப்ஏ கோப்பையை வென்றது, நிக்கல்ஸ் அந்த அணியில் இருந்தார். அதே வருடம் பணப்பரிசு ஓட்டங்களில் நயா கிஃப்ட், வாரக்னபீல் கிஃப்ட் இரண்டையும் ஜெயித்தார். நாட்டுப்புறத் திருவிழாக்களில் புல் தரையில் நடக்கும் பந்தயங்கள் இவை, வேகக்காரர்களைப் பின்னால் நிறுத்தி மெதுவானவர்களுக்கு முன்தூரம் கொடுப்பார்கள். ஆட்டமில்லாத மாதங்களில் ஜிம்மி ஷார்மனின் குத்துச்சண்டைக் கூடாரத்தோடும் போனார். கண்காட்சி மைதானத்தில் மேடை போட்டு, கூட்டத்திலிருந்து எவன் வந்தாலும் சண்டை என்று அழைக்கும் கூடாரம். கைகால் வலுவை எந்தெந்தச் சந்தையில் விற்க முடியுமோ அத்தனையிலும் விற்றார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். வீர சாகசம் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

1932இல் ஃபிட்ஸ்ராய் அணி கூப்பிட்டது. விஎஃப்எல், பெரிய மேடை. அவர் போனதும் நார்த்கோட் 1932, 33, 34 என்று மூன்று வருடம் வரிசையாகக் கோப்பை தூக்கியது. ஃபிட்ஸ்ராயோ அவர் இருந்தவரை ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் அங்கே ஹேடன் பன்டன் இருந்தார். 1931, 1932, 1935 என மூன்று முறை, அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றவர், அன்றைய ஃபுட்டியின் சூப்பர் ஸ்டார். அந்தப் பன்டனே கூல்டர் சட்டத்தை மீறிப் பணம் வாங்கிய விவகாரத்தில் 1930 முழுதும் வெளியே உட்கார்ந்தவர். உடை மாற்றும் அறையில் கார்ல்டன் அனுபவத்தை நினைத்து ஒதுங்கி உட்கார்ந்திருந்த நிக்கல்ஸின் பக்கத்தில் பன்டன் போய் உட்கார்ந்தார், மற்றவர்களிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்தார். நட்சத்திரம் உட்கார்ந்த இடத்தில் மற்றவர்கள் மூக்கைப் பொத்த முடியாது அல்லவா? இன்னொரு பக்க விங்கில் வில்ஃப்ரெட் ஸ்மால்ஹார்ன், அவரும் 1933இல் பிரவுன்லோ வென்றவர். இந்த அணியில் ஆறு பருவங்கள், 54 ஆட்டங்கள். 1935இல் விக்டோரியா மாநில அணிக்குத் தேர்வான முதல் பூர்வகுடி வீரர் ஆனார். பிறகு முழங்கால் போனது. நார்த்கோட்டுக்கே திரும்பி வந்து கொஞ்சம் ஆடி, 1939இல் நிறுத்திக்கொண்டார்.

இதற்குள் வேறு இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. தாய் இறந்த சமயத்தில் நார்த்கோட் கிறிஸ்துவின் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்திருந்தார். இன்னொன்று, வில்லியம் கூப்பர். உறவில் பெரியவரான கூப்பர் எழுபதைத் தாண்டிய வயதில் ஊரை விட்டு மெல்பர்ன் ஃபுட்ஸ்க்ரேவுக்கு வந்து, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் லீகை நடத்திக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்தில் தங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று பிரிட்டிஷ் மன்னருக்கு 1,814 கையெழுத்தோடு ஒரு மனு தயார் செய்தார். ஆஸ்திரேலிய அரசு அதை மன்னருக்கு அனுப்பவே இல்லை. 1938 ஜனவரி 26, வெள்ளையர் வந்திறங்கி 150 வருடம் என்று சிட்னி கொண்டாடிய நாளில், பூர்வகுடிகள் துக்க நாள் கூட்டம் நடத்தினார்கள். அதில் பேசியவர்களில் நிக்கல்ஸும் ஒருவர். மறு வருடம் பிப்ரவரியில் கம்மராகஞ்சாவில் அரசு வைத்திருந்த மேலாளரின் கொடுமை தாங்காமல் சுமார் 200 பேர் மூட்டை முடிச்சோடு மர்ரி ஆற்றைக் கடந்து விக்டோரியா பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் பிறகு வேலை தேடி மெல்பர்ன் ஃபிட்ஸ்ராய்க்கு வந்து சேர்ந்தனர்.

போர் வந்தது. 1941இல் 29ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். மறு வருடம் அவரை விடுவிக்கச் சொல்லிக் கேட்டது யார் தெரியுமா? ஃபிட்ஸ்ராய் போலீஸ். அங்கே குவிந்திருந்த பூர்வகுடி மக்களிடையே குடி, சண்டை, வழக்கு என்று நிலைமை கைமீறியிருந்தது, அவர் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தார்கள். அக்காவைக் கொண்டுபோனதும் ஒரு போலீஸ்தான், தம்பியை அனுப்புங்கள் என்று கெஞ்சியதும் ஒரு போலீஸ்தான். அதே 1942இல் கார் விபத்துக்குப் பின் அண்ணன் ஹோவர்ட் இறந்தார். டிசம்பரில் அண்ணி கிளாடிஸை டக் மணந்தார், அண்ணன் பிள்ளைகள் இவருடைய பிள்ளைகள் ஆனார்கள். 1943இல் ஃபிட்ஸ்ராய் கோர் வீதியில் பூர்வகுடி மக்களுக்கான சபைக்கு ஊழியரானார். அன்றிலிருந்து எல்லோருக்கும் 'பாஸ்டர் டக்'.

பாஸ்டராக இருந்தபோதும் கிரவுண்டு வேலை தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், வார நாட்களில் நார்த்கோட்டில் புல்வெட்டி. 1947இல் நார்த்கோட் அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஒதுக்குப்புற மிஷனிலிருந்து ரயிலேறி வந்த ஒருவருக்கு நகரத்தில் தெரிந்த பெயர் ஒன்றுதான் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் ஓர் அலுவலகத்தில் கதவுக்குப் பின்னால் இருந்திருந்தால் எத்தனை பேர் தட்டியிருப்பார்கள்? திறந்த வெளியில் உருளை இழுத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் யாரும் போய்ப் பேசலாம். இது என் ஊகம்தான், ஆனால் நம் ஊர்களிலும் காரியம் ஆக வேண்டியவர்கள் பெரிய மனிதரை எங்கே போய்ப் பிடிப்பார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

1957 திருப்பம். வார்பர்ட்டன் மலைப்பகுதிக்கு மேற்கு ஆஸ்திரேலிய எம்எல்ஏ பில் கிரேடனோடு போய், பாலைவனத்தில் பட்டினியும் நோயுமாகக் கிடந்த மக்களைப் பார்த்தார். அங்கே எடுத்த படம் மெல்பர்னில் திரையிடப்பட்டதும் கொதிப்பு எழுந்தது. அந்த வருடமே பூர்வகுடிகள் முன்னேற்ற லீக் உருவானது, நிக்கல்ஸ் அதன் களப்பணியாளர். கிளாடிஸும் சும்மா இருக்கவில்லை. நார்த்கோட்டில் பெண் பிள்ளைகளுக்கு விடுதி, பழைய துணிக் கடைகள், நிதி திரட்டல் என்று கணவரின் பேச்சுக்குப் பின்னால் காசைச் சேர்த்தது அவர்தான். மெல்பர்ன் நாடாளுமன்றப் பூங்காவில் 2007இல் வைத்த சிலை இருவருக்கும் சேர்த்து என்பது அந்த வகையில் நியாயம்.

1967 மே 27 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேலானோர், பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காகக் கூட்டாட்சி அரசு சட்டமியற்றவும் ஒப்புக்கொண்டார்கள். அதற்காகப் பத்து வருடமாக ஊர் ஊராகப் பேசியவர்களில் நிக்கல்ஸ் ஒருவர். பியானோவில் கறுப்புக் கட்டையிலும் வாசிக்கலாம், வெள்ளைக் கட்டையிலும் வாசிக்கலாம், இசை இனிக்க இரண்டும் வேண்டும் என்ற உவமையை அவர் அடிக்கடி சொல்வார். இன்றைக்கு அதைப் போடாத சுவரொட்டி இல்லை. எழுபதுகளில் வந்த கறுப்பின எழுச்சி இளைஞர்களுக்கு இந்தப் பேச்சே எரிச்சலூட்டியது. அவர் மிகவும் மென்மை, வெள்ளையருக்கு வசதியானவர் என்றார்கள். அந்த விமரிசனத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அரசு பட்டம் கொடுக்க யாரைத் தேர்ந்தெடுக்கும் என்பது தெரிந்த கதை. ஆனால் கூப்பரின் மனு குப்பைக்குப் போன காலத்தில் மேடை ஏறியவரை, அதற்குப் பிறகு வந்த சுதந்திரத்தில் நின்றுகொண்டு அளப்பது எனக்குச் சரிப்படவில்லை.

1972இல் சர் பட்டம், அந்தப் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி. 1976 டிசம்பர் 1, முதல்வர் டான் டன்ஸ்டன் பரிந்துரையில் தென் ஆஸ்திரேலிய ஆளுநர். பதவியேற்று இரண்டு மாதத்துக்குள் பக்கவாதம். மார்ச்சில் அரசி எலிசபெத் வந்தபோது எழுந்து வரவேற்றார். ஏப்ரல் 30ஆம் தேதி பதவி விலகினார். ஐந்தே மாதம். ஒரு நிமிடப் படங்களில் கடைசியாக, மிகப் பெரியதாக வருவது இந்த ஐந்து மாதம்தான். மைதானத்தில் உழைத்த வருடங்களுக்கு அதில் ஒரு நொடி கிடையாது.

1988 ஜூன் 4 அன்று மூரூப்னாவில் காலமானார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது, உடலைக் கம்மராகஞ்சாவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அவர் பிறந்தபோது அந்த நிலம் அரசாங்கத்தின் கையில் இருந்தது, மேலாளர் ஒருவர் யார் இருக்கலாம் யார் போக வேண்டும் என்று தீர்மானித்தார். 1983இல் நியூ சவுத் வேல்ஸ் நில உரிமைச் சட்டம் வந்து, மறு வருடம் அது யோர்ட்டா யோர்ட்டா நிலக் கவுன்சிலுக்குக் கைமாறியிருந்தது. அங்கே அவரைப் புதைக்க எந்த மேலாளரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.